கழராத சாரம்

பஸ்மியா தன் வாழ்நாளில் மூன்று பேருடைய கையைக் கடித்திருக்கிறாள். மூன்று பேரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. முதலாமவர், "பாவம் பிள்ளை" என்றபடி அவளுடைய சில்லுக்கதிரையைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிய ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். இரண்டாமவர், தெருவோரம் சும்மா நின்றவளைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்ட பொலிஸ்காரர். மூன்றாமவர் அவளுடைய சொந்த அண்ணன், ஜவ்பர் நானா. கலியாண வீட்டில் படம் எடுப்பதற்காக, ஒரு வார்த்தை கேளாமல் அவளை அலாக்காகத் தூக்கி மேடையில் வைத்தார். இன்றைக்கும் அவருடைய பெருவிரலில் தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கதிரையின் முதுகுத் துணியில் சிவப்பு நூலால், பெரிய எழுத்தில், "கேட்காமல் தொடாதே" என்று தைத்துக்கொண்டாள்.

திருகோணமலை உட்துறைமுகத்து மீன் இறங்குதுறைக்கு எதிரே அவளுடைய தையல்கடை. மெஷினைக் காலால் அமத்தி ஓட்டும் சுவிச்சை மேசைக்கு மேலே ஏற்றி, முழங்கையால் அமத்தித் தைப்பாள். முப்பத்தாறு வயது. பத்தொன்பது வயதில், கிண்ணியாவிலிருந்து கண்டிக்குப் போன வேன் தம்பலகாமத்தில் யானைக்கு விலத்தப்போய்ப் புரண்டது. உள்ளே இருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் சிராய்ப்போடு எழும்பிவிட்டார்கள். பஸ்மியாவின் அபாயா கதவுக் கொளுக்கியில் மாட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல துணி, கிழியவில்லை. வேன் அவளையும் இழுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கியதில் முள்ளந்தண்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த அபாயாவைக் கத்தரியால் வெட்டி எடுத்த தாதி, "என்ன உறுதியான துணி" என்று வியந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

அதனால் அவள் தைக்கும் உடுப்புகளுக்கு ஒரு குணம் உண்டு. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த ஆமினா உம்மாவுக்கு முதுகுப்பக்கம் திறக்கும் சட்டை, பொய்க்கால் போட்டவர்களுக்கு முழங்காலோடு பிரியும் களுசான், சில்லுக்கதிரையில் இருப்பவர்களுக்குப் பின்பக்கம் கட்டையான அபாயா என்று எதைத் தைத்தாலும், பலமாக இழுபட்டால் ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும். கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்லுவாள். வேண்டாம் என்றால் வைக்கமாட்டாள். இந்தக் கடைசிச் சொல் அஞ்சலோவின் விசயம் வரும்வரை உண்மையாகத்தான் இருந்தது.

ஊரில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. மாவட்டக் கூட்டங்களில் அவள் கையை உயர்த்தினால் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார்கள். மீன் ஏலக் கொட்டகைக்குச் சாய்தளம் வேண்டும் என்று இரண்டு வருசம் கத்தினாள். கடைசியில் கட்டினார்கள். ஆடுகூட யோசித்து ஏறவேண்டிய செங்குத்தில் கட்டினார்கள். முதல் நாள் அதில் ஏறப்போய்ப் பின்னால் உருண்டு, ஐஸ்பெட்டியில் மோதி அவளுடைய முன்பல் உடைந்தது. அடுத்த கூட்டத்தில் உடைந்த பல்லைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். "ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும். என்னட்டக் கேட்டீங்களா? ஏறப் போறது நீங்களா, நானா?" என்று போட்ட சத்தத்தில் கூட்டம் பாதியில் கலைந்தது.

அஞ்சலோவை அவள் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது, அவன் அம்மணமாக நின்ற அன்று.

அஞ்சலோ நாற்பத்துமூன்று வயதுக் கடற்றொழிலாளி. வலது கை மணிக்கட்டோடு இல்லை. அதைப் போரும் கொண்டுபோகவில்லை, சுறாவும் கொண்டுபோகவில்லை. நிலாவெளிக்கு அப்பால் மீன் கூட்டத்துக்கு எறிய எடுத்த டைனமைட் கையிலேயே வெடித்தது. செய்யக்கூடாத வேலை, அவன் பல வருசமாகச் செய்துவந்த வேலை. இரக்கப்பட விரும்புகிறவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம். அந்த டைனமைட்டைக் கட்டைத் திரியோடு விற்றவன் இராஜநாயகம் என்ற படகு முதலாளி. கை போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் அஞ்சலோ கடற்றொழில் அதிகாரிகளிடம் போய் இராஜநாயகத்தின் பெயரைச் சொல்லிவிட்டான். திருந்தியதால் அல்ல, ஆத்திரத்தால்.

அந்த விசயம் வெளியே வந்த காலையில்தான் இராஜநாயகம் துறையில் அவனை மறித்தான். "காட்டிக்குடுத்த நாயே, வாடா" என்றான்.

அந்தத் துறையில் சண்டைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டவேண்டும். எதிராளி கட்டி முடிக்கும்வரை மற்றவன் பொறுத்து நிற்பான். முடிந்ததும் அடி தொடங்கும். அஞ்சலோ இடது கையால் சாரத்தின் ஒரு கரையைத் தூக்கினான். மற்றக் கரையைத் தூக்கக் கை இல்லை. பல்லால் கவ்விப் பார்த்தான். வலது மொட்டைக் கையால் அமத்திப் பார்த்தான். தூக்கத் தூக்க வழுகியது. இராஜநாயகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கட்டு, கட்டு. எனக்கொரு அவசரமும் இல்லை" என்றான். சனம் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவன் கையை நீட்டி, ஒரே இழுவையில் சாரத்தை உருவி மீன் கழுவிய தண்ணீருக்குள் எறிந்தான். ஈரத்துணி தொடையை அறுக்கும் என்று கடலுக்குப் போகிறவர்கள் உள்ளுக்கு ஒன்றும் உடுப்பதில்லை.

பிறகு விழுந்த அடியை அஞ்சலோ தடுக்கவே இல்லை. ஒரு கை இருந்தது. அந்தக் கை தன்னை மறைத்துக்கொண்டிருந்தது. முகத்திலும் வயிற்றிலும் வாங்கினான், விழுந்த பிறகு விலாவில் உதை வாங்கினான். பஸ்மியா கடை வாசலுக்குக் கதிரையை உருட்டி வந்து, தொண்டை கிழியக் கத்தி, கையில் அகப்பட்ட இஸ்திரிப்பெட்டியை எறிந்தாள். அது இராஜநாயகத்தின் காலடியில் விழுந்து உடைந்தது. அடுத்து இரண்டு யார் கறுப்புத் துணியை எறிந்தாள். அஞ்சலோ அதைச் சுற்றிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனான்.

வீட்டில் அவன் செய்ததைச் சொன்னால், சற்று முன் வந்த இரக்கமும் போய்விடும். ஒவ்வொரு நாள் காலையும் அவனுக்குச் சாரத்தைக் கட்டிவிடுகிறவள் மனைவி தினுஷா. இறுக்கிக் கட்டினால் ஒரு அடி, தளர்த்திக் கட்டினால் ஒரு அடி. அன்று முடிச்சு அவிழ்ந்ததற்கும் அவள்தான் பொறுப்பு என்று அவனுடைய ஞாயம் தீர்த்தது.

மூன்றாம் நாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். தினுஷாவின் இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"தங்கச்சி, எனக்கொரு சாரம் தைக்கோணும்" என்றான் அஞ்சலோ.

"அக்காட கண்ணுக்கு என்ன?"

அஞ்சலோ கூரையைப் பார்த்தான். "அலுமாரிக் கதவு இடிச்சது" என்றாள் தினுஷா. எங்கள் பக்கத்தில் அலுமாரிக் கதவுகள் பெண்களை இடிப்பது கொஞ்சம் கூடுதல்தான்.

பஸ்மியாவுக்கு அவனைத் துரத்திவிடத்தான் மனம் வந்தது. ஆனால் அவன் தானே உடுத்திக்கொண்டால், காலையில் அந்தப் பெண் அவனுடைய கைக்கு எட்டிய தூரத்தில் நிற்கத் தேவையில்லை. அதை நினைத்துக் கொப்பியை எடுத்தாள்.

"களுசான் போட ஏலாதா?"

"இலாஸ்ரிக் வைச்ச காற்சட்டை ஒருநாள் போட்டுக்கொண்டு போனனான். பள்ளிக்கூடம் விட்டாச்சோ எண்டு கேக்கிறாங்கள். எனக்குச் சாரம்தான் வேணும். ஒரு கையால உடுக்கோணும். ஒரு கையால மடிச்சுக் கட்டோணும். ஆர் இழுத்தாலும் கழரக்கூடாது."

"முதல் ரெண்டும் செய்வன். மூண்டாவதுதான் பிரச்சினை. கடல்ல கயிறு கொழுவினா? இஞ்சின்ல சுத்தினா? கழராத உடுப்பு ஆளையும் கொண்டுபோகும் அண்ணன். என்ன அப்பிடித்தான் கொண்டுபோன. ஓரத்துல வெல்குறோ வைக்கிறன். சும்மா இழுத்தா வராது, உசிர் போற மாதிரி இழுத்தா மட்டும் விடும்."

"வெல்குறோ எண்டா?"

பள்ளிக்கூடச் சப்பாத்துகளில் சர்ரென்று கிழிக்கும் நாடாவை எடுத்து ஒட்டி, கிழித்துக் காட்டினாள். அந்தச் சத்தத்துக்கு அஞ்சலோவின் முகம் மாறியது.

"வேண்டாம். அது வேண்டவே வேண்டாம். தைச்சு மூடு."

"செத்துப் போவீங்க."

"செத்தாலும் என்ர பிரேதத்தில அது இருக்கோணும். அண்டைக்கு நான் செத்திருந்தா எனக்கு ஒண்டுமில்லை. செத்தாப்போல இருந்தது உசிரோட நிண்டதுதான்." மொட்டைக் கையை மேசையில் ஊன்றினான். "நீ தள்ளுறவன்ர கையைக் கடிக்கிறனி எண்டுதான் உன்னட்ட வந்தனான். மற்றவங்கள் எனக்கு எது நல்லம் எண்டு சொல்லுவாங்கள். நீ கேப்பாயெண்டு வந்தனான்."

பஸ்மியா அவனைப் பார்த்தாள். "சரி. தைச்சு மூடுறன்" என்றாள்.

பொய். அவள் அதைச் சொன்னபோதே பொய். கூட்டம் கூட்டமாகப் போய் "எங்களைக் கேட்டீங்களா" என்று கத்திய அதே வாய்தான் சொன்னது.

ஐந்து நாள் எடுத்துத் தைத்தாள். இடுப்புக்கு, பழைய காரின் இருக்கைப் பட்டியைப் பிரித்து எடுத்த வார். மொட்டைக் கையை நுழைக்க ஒரு வளையம். வளையத்துக்குள் கையை விட்டுச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வாரை இழுத்து உருக்குக் கொளுக்கியில் மாட்டினால் உடுத்தது முடிந்தது. கீழ்க்கரையில் இரண்டு சின்ன வளையம். அவற்றைத் தூக்கி அதே கொளுக்கியில் மாட்டினால் மடித்துக் கட்டியதும் முடிந்தது. சாரத்தின் இரண்டு தலைப்பும் சேர்கிற மூட்டு மட்டும், அந்த இடத்து வாரையும் வெட்டிச் சேர்த்து, இடுப்பிலிருந்து கரைவரை, வெல்குறோ. அதன்மேல் ஒரு துணிப்பட்டியை மூடி, பார்க்கிறவர்களுக்கு இரட்டைத் தையல் போலத் தெரிய வெறும் நூலோட்டம் ஓடவிட்டாள். அவள் தைத்ததிலேயே மிக நேர்த்தியான வேலை அதுதான். அதை ஒருவருக்கும் காட்டமுடியாது.

"மூட்டு ஏன் தடிப்பா இருக்கு?" என்று அஞ்சலோ தடவிப் பார்த்தான்.

"உறுதிக்கு."

கடைக்குள்ளேயே மறைப்புக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு வந்தான். வாசலில் நின்று ஒரு கையால் டக்கென்று மடித்துக் கட்டினான். இறக்கினான். திரும்பவும் கட்டினான். ஒரு கிழமைக்குள் அந்த மனிதன் நடக்கும் விதமே மாறிவிட்டது. மீன் ஏலத்தில் யாராவது குரலை உயர்த்தினால் முதலில் மடித்துக் கட்டுகிறவன் அவன்தான். தினுஷா காலையில் ஆறு மணிவரை நித்திரை கொள்ளுகிறாள் என்று ஊரே பேசியது. அவளுடைய கண்ணும் ஆறியது. பஸ்மியா தன் பொய்க்கு இதையெல்லாம் கூலியாக எடுத்துக்கொண்டு, நிம்மதியாக இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவன் கடையைத் தாண்டும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டுவான். அவள் குனிந்து ஊசியில் நூல் கோர்ப்பாள்.

இரண்டு மாதம் கழித்து, அதிகாரிகள் இராஜநாயகத்தின் வாடிக் கொட்டிலைச் சோதித்து டைனமைட்டும் இரண்டு இஞ்சினும் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலை ஏலம் நடந்துகொண்டிருந்தபோதே அவன் வந்தான். பஸ்மியா வாசலில்தான் இருந்தாள்.

"அஞ்சலோ!"

அஞ்சலோ திரும்பி, ஒரு கையால் டக்கென்று மடித்துக் கட்டினான். சிரிப்பதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இராஜநாயகம் முதல் அடியை ஓங்குவதற்குள் அஞ்சலோவின் இடது முட்டி அவனுடைய மூக்கில் இறங்கியது. இரத்தம் சட்டையில் கொட்டியது. இராஜநாயகம் சாரத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். வரவில்லை. அஞ்சலோ அவனுடைய காதோடு மொட்டைக் கையால் ஒரு குத்து விட்டான். அந்த ஒரு நிமிசம் அஞ்சலோ அந்தத் துறைக்கே ராசா. சொல்ல வெட்கமாக இருந்தாலும், பஸ்மியாவும் "அடி!" என்று கத்தினாள்.

துறையோடு அணைத்திருந்த படகில் இராஜநாயகத்தின் மருமகன் இருந்தான், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மீனைக் கரைக்கு இழுக்கும் இரும்புக் கொக்கி ஒன்று, படகின் பின்பக்கத்தில் கயிற்றோடு கட்டிக் கிடந்தது. விழுந்து எழும்பிய இராஜநாயகம் அதை எட்டி எடுத்து, அஞ்சலோவின் முதுகுப்பக்கம் சாரத்து வாருக்குள் கொழுவினான். "இழுடா!" என்று மருமகனுக்குச் சத்தமிட்டான். கொலை செய்யும் எண்ணம் அவனுக்கு இல்லை. கையால் உருவ முடியாததைப் படகால் உருவலாம் என்று நினைத்தான், அவ்வளவுதான். சாரம் என்றால் இழுத்தால் கழரும். அவன் பிறந்த நாளிலிருந்து கண்ட சாரமெல்லாம் அப்படித்தான்.

படகு பாய்ந்தது. கயிறு விறைத்தது. அஞ்சலோ பின்னால் அடிபட்டு விழுந்தான். தலை கொங்கிரீற்றில் மோதிய சத்தம் கடைவரை கேட்டது. கார்ப் பட்டி கழரவில்லை. சாரம் அவனையும் கொண்டே போனது. முதுகுத்தோல் உரிய, ஐஸ்பெட்டிகளைத் தட்டிக்கொண்டு, துறையின் விளிம்புக்கு இழுபட்டான். விளிம்பில் படகு கட்டும் இரும்புக் கட்டை, அதற்கு அப்பால் சுழன்றுகொண்டிருந்த இஞ்சின். இராஜநாயகமே, "நிப்பாட்டு! நிப்பாட்டடா!" என்று அலறினான். இஞ்சின் சத்தத்தில் மருமகனுக்கு அது கேட்கவில்லை. பஸ்மியாவுக்கு அந்த வயலும் வேனும் நினைவில் வந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

சர்ர்ர்.

கண்ணைத் திறந்தபோது சாரம் ஒரு விரித்த துணியாகத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அது இஞ்சினில் சுற்றியது. இஞ்சின் இருமி நின்றது. அஞ்சலோ இரும்புக் கட்டைக்கு ஒரு முழம் இப்பால் மல்லாந்து கிடந்தான், உடம்பில் நூல் இல்லாமல்.

யாரோ ஒருவன் சிரித்தான். பயத்தில் வந்த சிரிப்பாகவும் இருக்கலாம். ஆனால் சிரிப்பு.

அஞ்சலோ எழும்பினான். இந்த முறை அவன் கையால் மறைக்கவில்லை. நேராக இராஜநாயகத்திடம் போய் அவனைச் சரித்து, மேலே ஏறியிருந்து, ஒரு கையாலும் ஒரு மொட்டைக் கையாலும் முகத்தில் குத்தினான். பல்லுகள் போயின. விலக்க வந்த நாலு பேருக்கும் அவனைப் பிடிக்கத் துணி இல்லை. இரத்தமும் மீன் தண்ணீரும் வழுகின. அவனாகவே நிறுத்தி எழும்பி, ஐஸ்பெட்டி மூடிய சாக்கொன்றை இடுப்பில் சுற்றி இடது கையால் பிடித்துக்கொண்டு, பஸ்மியாவின் கடைக்கு நடந்தான்.

"அண்ணன், தலையில ரத்தம்..." என்று தொடங்கினாள்.

"எனக்குச் சிரிச்ச சத்தம் கேக்கேல்ல" என்றான். குரல் மெதுவாகவே வந்தது. "அந்தச் சத்தம் கேட்டுது. நீ கிழிச்சுக் காட்டின சத்தம்."

பஸ்மியா கதிரையைப் பின்னால் உருட்டினாள்.

அவன் மேசையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தான். தையல் மெஷின் விழுந்து உடைந்தது. அடுத்து கதிரையின் கைப்பிடிக்குள் மொட்டைக் கையைக் கொடுத்து ஒரு சரிப்புச் சரித்தான். அவள் நிலத்தில், ஊசிகளுக்கும் கத்தரிக்கும் நடுவில் விழுந்தாள். நெற்றி மேசைக்காலில் வெடித்தது. அவன் வெறும் கதிரையை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வெளியே போனான். கதவடியில் நின்று, "என்ர சாரத்தை நீ எடுத்தாய். உன்ர கதிரையை நான் எடுக்கிறன். எப்பிடி இருக்கெண்டு பார்" என்றான்.

பஸ்மியாவுக்கு முதலில் வந்தது கொலைவெறிதான். கத்தரியைத் தேடி எடுத்துக்கொண்டாள். எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். இராஜநாயகத்தின் கொக்கியைவிடத் தன்னுடைய நூலோட்டம் எந்த வகையில் நல்லது என்று யோசித்தாள். கத்தரியைப் போட்டாள்.

முழங்கைகளை ஊன்றி நகரத் தொடங்கினாள். ஊசி ஒன்று உள்ளங்கையில் ஏறியது. உணர்ச்சியில்லாத கால்கள் பின்னால் இழுபட்டு வந்தன. கடை வாசலின் சாய்தளத்தை அவளே அளந்து கட்டுவித்தது, பன்னிரண்டு அடி. கதிரையில் அது ஒரு மூச்சுத் தூரம். அன்று அது முடியவே இல்லை. தெருவில் சனம் வட்டமாக நின்றது. இரண்டு பேர் தூக்க ஓடிவந்தார்கள். "தொடாதீங்க!" என்று அவள் போட்ட கத்தலில், நானாவின் பெருவிரல் கதை தெரிந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

தெருவின் நடுவில் அஞ்சலோ அவளுடைய கதிரையில் இருந்தான். சாக்கை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு, முதுகிலிருந்து இரத்தம் ஓட, சின்னப் பிள்ளை போல அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் தினுஷா, யாரோ சொல்லி ஓடிவந்தவள், மூச்சு வாங்க நின்றாள்.

பஸ்மியா நெற்றி இரத்தத்தைத் துடைத்தாள். தெருவில் கிடந்தபடி, மாவட்டக் கூட்டத்தில் பேசும் அதே குரலில் சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க. இவர் கழராத சாரம் கேட்டவர். தைச்சு மூடச் சொன்னவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, தெரியாமக் கழர்ற நாடா வைச்சன். இண்டைக்குக் கழண்டது அவர்ட சாரம் இல்ல. என்ட பொய்."

"அந்தப் பொய் இல்லாட்டி இந்த மனிசன் இப்ப துண்டு துண்டு" என்றாள் தினுஷா.

"அது வேற அக்கா. எனக்குப் பிடிக்காட்டி, தைக்கமாட்டன் எண்டு முகத்துக்குச் சொல்லியிருக்கோணும். இவருக்கு எது நல்லமெண்டு நான் முடிவெடுத்தன். எல்லாரும் எனக்குச் செஞ்சதத்தான் நான் இவருக்குச் செஞ்சன்." அவளுக்கு அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன். உசிரக் காப்பாத்தினன் எண்டு சொல்ல வரல்ல."

அஞ்சலோ தினுஷாவைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கும் தெரியுமோ?"

"முதல் நாள் துவைக்கேக்கையே தெரியும்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீ என்னட்ட எதைக் கேட்டனி?"

அஞ்சலோ எழும்பி, ஒரு கையால் சாக்கைப் பிடித்தபடி கதிரையை நெஞ்சால் தள்ளி அவளருகே கொண்டுவந்தான். முதுகுத் துணியின் சிவப்பு எழுத்து அவனுடைய முகத்துக்கு நேரே இருந்தது.

"தூக்கட்டோ?" என்று கேட்டான்.

"வேணா. உருளாமப் பிடிங்க. நானே ஏறுறன்."

மொட்டைக் கையை வளைத்துக் கதிரையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தான். முதல் தடவை அவள் சறுக்கி விழுந்தாள். இரண்டாம் தடவை கதிரையே ஆடியது. அவன் தூக்க வரவில்லை. மூன்றாம் தடவை ஏறி இருந்துவிட்டாள். உள்ளங்கையில் ஏறியிருந்த ஊசியைப் பல்லால் பிடுங்கித் துப்பினாள்.

"மெஷினுக்கு நான் பொறுப்பு" என்றான் அவன்.

"ஓம், நீங்கதான் பொறுப்பு. என்ன விழுத்தினதுக்கும் நீங்கதான் பொறுப்பு. அத நான் மறக்கமாட்டன்." மூச்சு விட்டாள். "அடுத்த சாரத்துக்கு என்ன வேணும்?"

அஞ்சலோ யோசித்தான். "கழரோணும். ஆனா இழுக்கிற வார் என்ர இடக்கைப் பக்கம் இருக்கோணும். நான் இழுத்தா மட்டும் கழரோணும். வேற ஆர் இழுத்தாலும், எது இழுத்தாலும் கழரக்கூடாது."

"இண்டைக்கு மாதிரித் தல அடிபட்டு மயங்கினா, இழுக்க ஏலாது. செத்துப்போவீங்க. இத நான் ஒளிக்காமச் சொல்றன்."

"தெரியும். அப்பிடித்தான் வேணும்."

பஸ்மியாவுக்கு மறுப்பு நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினாள். கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை எடுத்தாள். "அளவு எடுக்கட்டா?"

"எடு."

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இரண்டு கையையும் தூக்கினால் சாக்கு விழும். தெரு முழுக்கச் சனம் நின்றது. அஞ்சலோ மனைவியின் பக்கம் திரும்பினான். பத்தொன்பது வருசம் அவளை ஏவியவன், இழுத்தவன், அடித்தவன். அவனுக்கு, கேட்கும் சொல்லைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தினுஷா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கொள்ளுறியோ?"

தினுஷா அவனை நன்றாகப் பார்த்தாள். ஆறிப்போன இடது கண்ணை விரலால் ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"ஏலாது" என்றாள்.

அஞ்சலோவின் இடது கை சாக்குக்குள்ளேயே முட்டியாக இறுகியது. பஸ்மியா அதைக் கண்டாள், தினுஷாவும் கண்டாள், கண்டும் அசையவில்லை. பிறகு அந்த முட்டி தளர்ந்தது. அவன் சாக்கை மொட்டைக் கையின் அடியில் செருகி இடுப்போடு இறுக்கிக்கொண்டு, மற்றக் கையை மட்டும் மேலே தூக்கினான்.

பஸ்மியா கதிரையைக் கிட்டே உருட்டி, அந்தப் பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்கினாள்.